ஏழாம் நம்பர் பெட்டி

போன மாதம் ஒரு மத்தியானம் பொத்தேரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அங்கே கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாளாம். எங்கள் அப்பாவுக்கு ஒரு பழைய சிநேகிதர் இருந்தார், சர்ச்சில் கிதார் வாசிப்பவர். நாங்கள் கிதார் அங்கிள் என்று கூப்பிடுவோம். அவருடைய பேத்தி இவள். "ஆன்ட்டி, உங்க அப்பா கிதார் ஆம்ப்ளிஃபையர் கம்பெனி நடத்தினாராமே? அதோட ஹிஸ்டரி எனக்கு வேணும். ஃபவுண்டரோட பொண்ணு நீங்கதானே?" என்றாள்.

ஃபவுண்டராம்! அப்பா காதில் விழுந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்திருப்பார். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மாட்டுக் கொட்டகை, அதில் ஒரு நீள மேசை, ஈயம் பற்றவைக்கும் கோல் இரண்டு. கம்பெனி என்றால் அவ்வளவுதான். மொத்தம் பத்தொன்பது பெட்டி செய்தார்கள். ஒரு வருஷம் முழுசாக ஓடவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வந்து, அதற்கும் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. இதில் ஹிஸ்டரி எங்கே இருந்து எடுப்பது?

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். பிறகு தூக்கம் வரவில்லை. உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் ஏதாவது ஒரு பழைய விஷயம் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ஐம்பது வருஷமாக வருவது ஒரே விஷயம்தான். அதைச் சொல்வதற்கும் அலுப்பாக இருக்கிறது. சொல்லாமல் வைத்திருந்தது அதைவிட அலுப்பு. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் தாம்பரத்தின் பழைய குடும்பங்களில் ஒன்று. ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர்கள். அப்பா மட்டும் சேற்றில் கால் வைக்கவில்லை. பத்தாவது முடித்ததும் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அங்கேதான் ஒரு நாள் கிதார் அங்கிள் தன்னுடைய வெளிநாட்டு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு ரயில்வேயில் கிளார்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு. எலக்ட்ரிக் கிதார் தனியாக வாசித்தால் கொசு கத்துகிற அளவுக்குத்தான் கேட்கும். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். பெட்டியின் மேல்பாதியில் பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி கண்ணாடி வால்வுகள், கீழே முன்பக்கம் பார்த்தபடி ஒரு பெரிய ஸ்பீக்கர், பின்பக்கம் திறந்தே இருக்கும். அந்தப் பெட்டி புகைந்துபோய் வந்திருந்தது.

அப்பா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், இவ்ளோதானா? இத நானே செய்வேனே" என்றாராம். கம்பெனி பிறந்தது அந்த வாக்கியத்தில்தான்.

அப்பாவின் பங்குக்கு மிச்சமிருந்த கழனியை விற்றார்கள். "நெல்லு வெளையற நெலத்த வித்துட்டு சத்தம் வெளைய வெக்கப் போறான்" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அப்பா காதில் வாங்கவில்லை. பெட்டிக்கு 'ரீங்காரம்' என்று பெயர் வைத்து, தகரத்தில் எழுதி மாட்டினார். கிதார் அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார். "மச்சான், இது ஆம்ப்ளிஃபையர். இதுல ஙொய்யுனு சத்தம் வந்தா அதுக்குப் பேரு வியாதி. நீ வியாதியையே பேரா வெச்சிருக்கியே" என்றார். பெயர் வைத்தாயிற்று, மாற்ற முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் எதையும் மாற்றுகிறவர் இல்லை.

மூன்றாவதாக வந்தவர்தான் சால்டரிங் அக்கா. கோவளத்துக்காரர். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பயிற்சி நிலையத்தில் ரேடியோ வேலை படித்துவிட்டு, இரும்புலியூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தார். இருபது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. குனிந்து பற்றவைக்கும்போது அது ஆடும் என்று பல்லில் கடித்துக்கொள்வார். ஈயப் புகை கண்ணில் படாமல் இருக்க ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொள்வார். மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு வீட்டுக்குள் வரை மணக்கும். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தை நீட்டுவாள்.

சொட்டிய ஈயத்தையெல்லாம் சேர்த்து வைத்து எனக்கு ஒரு குருவி செய்து கொடுத்தார். கட்டை விரல் அளவு இருக்கும். அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை வீடு மாறியதில் எத்தனையோ போயிற்று.

அக்காவின் காதுதான் கம்பெனியின் சொத்து. ஒவ்வொரு பெட்டியும் முடிந்ததும் அதை ஓடவிட்டு, வால்வுகள் சூடாகும் வரை காத்திருந்து, ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். அப்படிக் கேட்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவார். கை மேலே போனால் வீட்டில் ஒரு சத்தம் வரக்கூடாது. அம்மா அம்மிக் குழவியை நிறுத்துவாள். நான் வாய்ப்பாட்டை நிறுத்துவேன். மேலே பயிற்சி விமானம் போனாலோ, பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயில் கடந்தாலோ, அது போகும் வரை கை அப்படியே நிற்கும். பிறகு, "அழுவுது சார், ரெண்டாவது வால்வு லூசா கீது" என்பார். அப்பா மீட்டரை வைத்துப் பார்த்தால் அதுவேதான் இருக்கும். "மீட்டரயே வித்துடலாம், அப்டி ஒரு ஆளு கீது பாரு எங்கிட்ட" என்று அப்பா எல்லோரிடமும் பெருமையடிப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்குள் ஏழு பெட்டி முடிந்திருந்தது. நான்கு விற்றுப்போய்விட்டன. ஐந்தும் ஆறும் கொட்டகையில் நின்றன. ஏழாம் நம்பர் கிதார் அங்கிளின் சர்ச்சுக்கு. கிறிஸ்துமஸ் பாட்டுக்காக அவர்கள் கேட்டிருந்தார்கள். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அதை முடித்தார்கள். அக்கா காதை வைத்து, "அழுவல சார்" என்று சொன்னதோடு சரி. கிதார் வைத்து யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

பூஜையன்று கொட்டகையைக் கழுவிக் கோலம் போட்டோம். கோல், இடுக்கி, திருப்புளி, மீட்டர் எல்லாவற்றையும் வாழை இலையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தோம். ஐந்துக்கும் ஆறுக்கும் மேல் கட்டையில் மூன்று மூன்று பொட்டு. ஏழுக்கு வைக்கப் போனபோது அம்மா தடுத்தாள். "அது சர்ச்சுக்குப் போற பெட்டி. அதுல போய் குங்குமம் வெச்சா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். அத விட்டுடுங்க." அப்பாவும் சரியென்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் பொட்டு வைத்து, ஒன்றை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தால் அது என்ன நினைக்கும்? எனக்குத் தம்பி தங்கை கிடையாது. பெட்டிகளைத்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

எல்லோரும் பொரி கடலை சாப்பிட உள்ளே போனார்கள். நான் மிச்சமிருந்த சந்தனத்தையெல்லாம் வழித்தெடுத்தேன். விழுந்துவிடக் கூடாதே என்று பள்ளிக்கூடக் கோந்து பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் குழைத்தேன். வெளியே வைத்தால்தானே தெரியும்? பின்பக்கம் திறந்திருந்த வழியாகக் கையை விட்டு, ஸ்பீக்கர் சட்டத்தின் இடுக்கில் மூன்று விரலை நுழைத்து, கறுப்புக் காகிதக் கூம்பின் நடுவில் எட்டிய மட்டும் அப்பினேன். அதன் மேல் குங்குமம். கொட்டைப் பாக்கு அளவு கனமான பொட்டு. ஆயுதங்களை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் மறுநாள் வரை அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. அது நன்றாகக் காய்ந்துவிட்டது. மறுநாள் ஏழாம் நம்பரை மாட்டு வண்டியில் ஏற்றிச் சர்ச்சுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிதார் அங்கிள் சைக்கிளில் பறந்து வந்தார். ஸ்டாண்டு கூடப் போடவில்லை, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார். "மச்சான், என்ன பண்ண அந்த ஏழுல? மத்ததெல்லாம் மேல போனா காதக் கிழிக்கும். இது வெண்ணெய் மாதிரி இருக்கு. பாடுறவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க" என்றார். அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டார். தனக்கு அது முன்பே தெரியும் என்கிற மாதிரி ஒரு முகம். அந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

இரண்டு வாரத்தில் மெல்லிசைக் குழு நடத்தும் ஒருவர் சர்ச்சுக்கே போய்க் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இதே சத்தத்தில் பன்னிரண்டு பெட்டி வேண்டும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேண்டும் என்றார். "இதே சத்தம். கொஞ்சம் மாறினாலும் எனக்கு வேணாம்" என்று இரண்டு தரம் சொன்னார். அன்றைக்கு அப்பா அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் குரோம்பேட்டையிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்தார். பன்னிரண்டும் விற்றுப்போனால் கம்பெனி நிலைத்துவிடும். அது எனக்குக்கூடப் புரிந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஓட்டில் ஏழெட்டு இடத்தில் ஒழுகும். சொட்டுகிற இடத்திலெல்லாம் அண்டா, குண்டான் வைத்து, நடுவில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். எட்டு முடிந்தது. வாசித்தால் காதைக் கிழித்தது. ஒன்பதும் அப்படியே. அதே வால்வு, அதே கம்பி, அதே கடையில் வாங்கிய ஸ்பீக்கர். அப்பா ஒன்றை மாற்றி வைப்பார், வாசிப்பார், திரும்ப மாற்றுவார். பத்தொன்பது வரை பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் அந்தச் சத்தம் இல்லை. அப்பா சாப்பிடுவது குறைந்தது. சரஸ்வதி படத்தின் முன்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஏழாம் நம்பரையே இரண்டு நாள் இரவல் வாங்கி வந்தார்கள். கிதார் அங்கிள் காலையில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் கேட்டோம், அது அப்படியேதான் இருந்தது. அப்பா அக்காவிடம், "ஒவ்வொரு பார்ட்டா பாத்து எய்தி வைம்மா, தூசியும் தொட்சிடு" என்று சொல்லிவிட்டு, சாமான் வாங்க ரிச்சி தெருவுக்கு ரயிலேறினார். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

சாயங்காலம் நனைந்துகொண்டே வந்தேன். அக்கா அம்மாவோடு சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் ஏழாம் நம்பர் முதுகைக் காட்டி நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பொட்டு இல்லை. மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில், கம்பித் துண்டுகளுக்கு மேல், மஞ்சளும் சிவப்புமாக ஈரப் பஞ்சு கிடந்தது. அம்மா வைக்காதே என்று சொன்ன இடத்தில் வைத்திருக்கிறேன். தோல் உரிந்துவிடும் என்று நினைத்தேன். பஞ்சை எடுத்துக் கொல்லைப்பக்கம் ஓடினேன். வாய்க்காலில் மழைத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. போட்டதும் போய்விட்டது.

ஆறு மணிக்கு அப்பாவும் கிதார் அங்கிளும் வந்தார்கள். பெட்டியை ஓடவிட்டார்கள். அங்கிள் நாலு தந்தியைத் தட்டிவிட்டு நிறுத்தினார். மறுபடி தட்டினார். "மச்சான், இது என் பெட்டி இல்ல" என்றார்.

அப்பா அக்காவைக் கூப்பிட்டார். "இன்னாம்மா மாத்தின?"

"ஒன்னியும் மாத்தல சார்."

"காத்தால நல்லா இருந்த பொட்டி, உன் கை பட்டதும் எப்டி மாறும்? எந்த ரெசிஸ்டர கழட்ன, சொல்லு. கோச்சிக்க மாட்டேன்."

அக்கா சிலுவையை விரலால் பிடித்துக்கொண்டார். "சார், ஒன்னு சொல்றேன். ஸ்பீக்கர் நடுவுல ஒரு சந்தனப் பொட்டு இருந்துச்சு. காஞ்சு கல்லு மாதிரி. சர்ச்சுல யாராவது பாத்தா தப்பா பூடுமேனு தண்ணி தொட்டு தொட்சிட்டேன். அதுக்கப்புறம் ஓட வுட்டுப் பாத்தேன். அப்பவே சத்தம் மாறிப்போச்சு சார். அந்தப் பொட்டாலதான் இன்னாவோ ஆயிருக்குது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "ஏழுக்கு நாம பொட்டே வெக்கலியே" என்றாள் அம்மா. அப்பா டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கறுப்புக் காகிதத்தில் என்ன தெரியும்? "பஞ்சு கூடையில கீது சார், பாருங்க" என்றார் அக்கா. அப்பா கூடையைத் தரையில் கவிழ்த்தார். கம்பித் துண்டுகள் சிதறின. பஞ்சு இல்லை. அக்கா மண்டியிட்டுக் கையால் துழாவினார். அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை. கையில் வைத்திருந்த பொருள் கண் முன்னால் மறைந்துவிட்டால் ஒருவர் எப்படி விழிப்பாரோ, அப்படி விழித்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். அதட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "பாப்பா, நீ வெச்சியாம்மா?"

அதட்டியிருந்தால் அழுது சொல்லியிருப்பேனோ என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். அது சும்மா சாக்கு. "இல்லப்பா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார்.

அப்பாவுக்கு அதற்கு மேல்தான் கோபம் வந்தது. "நான் கழனிய வித்து, கண்ணு முழிச்சி செஞ்ச சத்தம். அத பொட்டு செஞ்சிதுன்றியா? எங்க சாமிய வெச்சி எங்கிட்டியே வெளாட்றியா? எவன்கிட்ட வித்த அந்தப் பார்ட்ட?" கிதார் அங்கிள் குறுக்கே வந்து, "மச்சான், விடு, அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல" என்றார். அப்பா கேட்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா டிபன் பாக்ஸை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தெருவைத் தாண்டிப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மெல்லிசைக் குழுக்காரர் வந்து கேட்டார், தலையை ஆட்டினார், போனார். பெட்டிகள் ஒவ்வொன்றாக எங்கெங்கோ போயின. கல்யாண வீட்டு மைக் செட்காரர் சிலவற்றை எடுத்துக்கொண்டார். ஒன்றில் பெரியப்பா வீட்டில் கோழி அடைத்தார்கள். ஏழாம் நம்பர் சர்ச்சுக்குத் திரும்பிப் போய், பிறகு கிதார் அங்கிள் வீட்டுப் பரணுக்கு ஏறியது. அவரும் அப்பாவும் அதன் பிறகு தெருவில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அப்பா மறுபடி ரேடியோ ரிப்பேருக்குப் போனார்.

நான் படித்தேன், குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சரானேன். முதல் வருஷமோ இரண்டாம் வருஷமோ, ஒலிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அந்த இரண்டு கால் இரும்பு இசைக்கவை. அதைத் தட்டி ஒரு முறை கேட்க வேண்டும். பிறகு ஒரு காலில் துளி மெழுகை ஒட்டித் தட்டினால் சுருதி இறங்கிவிடும். "ஏன்? அதிர்ற பொருள் மேல கனம் ஏறினா அதிர்வு குறையும்" என்று சொல்லிக்கொண்டே கட்டை விரலால் மெழுகை அழுத்தினேன். என் கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன உருண்டை மெழுகு. அது எனக்குச் சந்தனமாகத் தெரிந்தது. அந்தப் பொட்டின் கனம்தான் ஸ்பீக்கர் கூம்பின் கிறீச்சை அடக்கியிருக்கிறது. அதுவரை நான் பொய் சொன்னேன் என்று மட்டும்தான் தெரியும். அக்கா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளைகள் "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்தார். அவருடைய அலமாரியில் இரண்டு நோட்டு நிறைய ஏழாம் நம்பரின் சர்க்யூட்டை வரைந்து வைத்திருந்தார். யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவார். "அந்தப் பொண்ணு ஒரு ரெசிஸ்டர மாத்திட்டா. இல்லேன்னா இன்னிக்கு நாம எங்கியோ" என்று முடிப்பார். அவர் பிடித்துக்கொண்டு நடந்த ஊன்றுகோல் அது ஒன்றுதான். அதையும் பிடுங்குவானேன் என்று இருந்துவிட்டேன். அப்பாவுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் தலையும் தப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோவளம் என்ன, கடல் தாண்டியா இருக்கிறது? ஒன்றரை மணி நேரப் பஸ். போகவில்லை.

போன் செய்த பேத்தி அடுத்த ஞாயிறே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே ஏழாம் நம்பர். ரெக்சின் எல்லாம் எலி கடித்து, வால்வுகள் கறுத்து, தகரப் பலகையில் 'ரீங்' மட்டும் மிச்சம். "இது இனிமே ஓடாது ஆன்ட்டி. ஆனா தாத்தா இத யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க" என்றாள். நான் அதைத் திருப்பி, முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். கறுப்புக் காகிதம் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. நடுவில் கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் வெளுக்காமல், கருஞ்சிவப்பாக அப்படியே இருந்தது. அப்பா டார்ச் அடித்தபோது தெரியாதது.

அவள் கேட்ட ஹிஸ்டரியை அங்கேயே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதிகம் பேசுவதில்லை. கேட்டுவிட்டு, "அந்த ஆன்ட்டி இருக்காங்களா?" என்றாள். தெரியாது என்றேன். இரண்டே நாளில் சர்ச் ஆட்களை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு ஐம்பது வருஷமாக முடியாத காரியம்.

வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பஸ்ஸில் போனோம். கோவளத்தில் மீன் விற்கிற இடத்துக்குப் பின்னால் மூன்றாவது வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்ததில்தான் அடையாளம் கண்டேன். யாரென்று சொன்னேன். "ஆ?" என்றார். மறுபடி சொன்னேன். "காது பூட்ச்சு கண்ணு. சத்தமா சொல்லு."

அந்தக் காதுக்கா? தாம்பரம் என்று கத்தினேன். ரீங்காரம் என்று கத்தினேன். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. "பாப்பாவா? இன்னாம்மே, இப்டி கெய்வியாயிட்ட?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை இன்னும் சொரசொரப்பாக இருந்தது.

"அக்கா, அந்தப் பொட்டு…" என்று ஆரம்பித்தேன்.

"ஆ?"

பக்கத்தில் வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அக்கா வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். என்ன ஆச்சரியமோ, மீன்காரப் பெண்கள் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். பஸ் போகும் வரை கை அப்படியே நின்றது.

"பொட்டு நான்தான் வெச்சேன்! பஞ்சையும் நான்தான் எடுத்து வாய்க்கால்ல போட்டேன்! அப்பாகிட்ட பொய் சொன்னேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அறுபது வயதில் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தரம். பேத்தி போனில் அந்தக் கருஞ்சிவப்பு வட்டத்தின் படத்தை எடுத்துக் காட்டினாள்.

அக்கா போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படத்தைப் பார்த்தார். திட்டுவார், அழுவார் என்று என்னென்னவோ நினைத்து வந்திருந்தேன்.

"அப்போ… இருந்திச்சா?" என்றார்.

"இருந்துச்சுக்கா."

"கூடையில பஞ்சு இல்ல. நீயும் இல்லன்ட்ட. சரி, நம்ம கண்ணுதான் பொய்யினு நெனச்சிக்கினேன். கண்ணு பொய்யினா காதும் பொய்தானே? அதுக்கப்புறம் அந்தக் கோல நான் தொடல. கூப்ட்டாங்க, நெறைய பேர் கூப்ட்டாங்க. நான் போவல." கோபமில்லாமல், மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏம்மே! அடுப்ப அணைச்சிட்டு இங்க வா. எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன், கெய்விக்கு நெனப்பு தப்பிச்சின்னு சிரிப்பியே. இருந்திச்சாம்! பொட்டு இருந்திச்சாம்!"

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா என் கையை விடாமல், இன்னொரு கையை மறுபடி மேலே தூக்கினார்.

"இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா. இவளும் கேக்கட்டும்."

நான் சொன்னேன்.